கிழவன் எந்திரிக்க மாட்டேங்குறான்

ஹலோ... ஹலோ, அண்ணன்தான் பேசுறேன். வெச்சுடாத, வெச்சுடாத! வேலை விஷயம்தான். மெஷின் பூட் ஆகல... ஆமா, ஆமா, ஞாபகம் இருக்கு. "மெஷின் எந்திரிக்கலன்னா மட்டும் கூப்பிடு, வேற எதுக்கும் கூப்பிடாத"ன்னு சொல்லிட்டுத்தான் போன. அதான், எந்திரிக்கல. அதான் கூப்பிட்டேன்... மூணாம் நம்பர். நம்ம கிழவன்.

சாப்பிட்டியா?... சரி, சரி, கேக்கல. விஷயத்துக்கு வரேன்.

சிஸ்டத்தோட கெர்னல் லோடு ஆகுது. எழுத்தெல்லாம் கடகடன்னு ஓடுது. பாதியில "டிஸ்க் கிடைக்கல"ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்குது... ம்... ம்... கேபிளப் பார்த்துட்டேன். பிடுங்கிச் சொருகியும் பார்த்தாச்சு... இல்ல, குண்டன் நல்லா இருக்கான். ஊமையும் நல்லா இருக்கு. மத்த ஏழு மெஷினும் ஓடுது. இவன் ஒருத்தன்தான் வீம்பு பிடிக்கிறான்.

நான் என்னத்தக் கண்டேன்? எந்த மெஷின் எப்படி எந்திரிக்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் பூட் வரி பார்த்துப் பார்த்து எழுதினது நீதானே. குண்டன் மத்தவங்களோட சரிசமமா ஓடணும்னா பாதி மெமரிய மறைக்கணும். ஊமைக்குத் திரை கிடையாது, எழுத்தெல்லாம் ஒயர் வழியா அனுப்பணும். அது என் மண்டையில ஏறாது. எனக்கு மெஷினோட வேகத்துக்கு டெஸ்ட் ஓட்டத் தெரியும், வந்த நம்பர் எழுதத் தெரியும், அவ்வளவுதான்... நம்பர் எழுதவும் தெரியாதுங்கறியா? குத்து, நல்லாக் குத்து. உனக்கு உரிமை இருக்கு.

அங்கேர்ந்தே பார்க்கறியா? பாரு, பாரு. எட்டு பேரோட வரியும் பொது சர்வர்லதான் இருக்கு. உன் லாகின நான் எடுக்கல. எடுப்பேனா?... மெதுவாவே பாரு. ஒண்ணும் அவசரம் இல்ல.

நீ பார்க்கற வரைக்கும் சும்மா சொல்லிட்டிருக்கேன்... இங்க என்ன, அதே ரூம்தான். ஃபேன் இரைச்சல்தான். முன்ன நீ நம்பரப் படிப்ப, நான் எழுதுவேன். இப்ப நானே சத்தமாப் படிச்சு, நானே எழுதுறேன். நேத்து கொரியர்காரர் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, "யார்கூட சார் பேசறீங்க"ன்னு கேட்டார். போன்லன்னு சொல்லிச் சமாளிச்சேன். போன் அவர் பக்கத்துலயே சார்ஜர்ல கிடக்குது... சிரிச்சியா? சிரிச்ச மாதிரி இருந்துச்சே... சரி, இல்லன்னா விடு.

என்ன?... ஆமா, டிஸ்க் முழிக்கப் பத்து செகண்ட் காத்திருன்னு ஒரு ஆப்ஷன் போட்டிருந்த... வரியில அது இல்லியா? அட! அதெப்படிக் காணாமப் போச்சு? ஏதாவது அப்டேட் வந்து தின்னுடுச்சோ என்னவோ... ம்... என்ன ஹிஸ்டரி?... யார் மாத்துனா, எத்தனை மணிக்கு மாத்துனான்னு எல்லாத்தையும் எழுதி வைக்குமா? எப்பலேர்ந்து?... போறதுக்கு முன்னாடியே போட்டுட்டியா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே...

...பதினொண்ணு நாப்பதா?... இன்னிக்கா?... என் லாகின்லயா...

ஆமா. நான்தான் அழிச்சேன்.

கத்தாத. பக்கத்துல உங்க ஆஃபீஸ்காரங்க இருப்பாங்க... சரி, கத்து. கத்தித் தீத்துடு... வேற என்ன பண்ணச் சொல்ற? ரெண்டு மாசமாக் காத்திட்டிருக்கேன், ஒண்ணாவது மக்கர் பண்ணாதான்னு. எட்டும் காலையில சமத்தா எந்திரிக்குது. நீ எழுதின வரி அப்படி! எனக்கு வேற வழி தெரியல.

இல்ல, கேளு. ஒரே ஒரு நிமிஷம். அந்த ரிப்போர்ட்ல நான் பண்ணது தப்பு. அஞ்சு தடவை ஓட்டி நடு நம்பரத்தான் எழுதணும்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. நான் அஞ்சுல வேகமானத எழுதி, கீழ உன் பேரப் போட்டு அனுப்பிட்டேன். அத நம்பி மெஷின வாங்கினவங்க ஓட்டிப் பார்த்துட்டு, அந்த வேகம் வரலன்னு உன்னைத்தான் நிக்க வெச்சுக் கேட்டாங்க. நான் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு வாயே தொறக்கல. வெளிய வந்து, "இதெல்லாம் தொழில்ல சகஜம்"னு வேற சொன்னேன்... ம்... ம்... ஆமா. அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வெக்கமா இருக்கும்மா.

இப்ப அஞ்சு தடவை ஓட்டுறேன். தடவைக்கு நாப்பது நிமிஷம். நடு நம்பர்தான் எழுதுறேன், கஸ்டமர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாலும் சரி... நம்பாத, ரிசல்ட் ஃபோல்டரத் தொறந்து நீயே பாரு.

திரும்பி வான்னு கேக்கல. உனக்கு அங்க நல்ல வேலை. எப்பவாவது பேசு, போதும். நீ இல்லாம இங்க ரொம்பத் தனியா இருக்கு. அவ்வளவுதான். சொல்லிட்டேன்.

...ஹலோ? இருக்கியா?... டைப் பண்ற சத்தம் கேக்குதே. என்ன எழுதுற?... பத்து செகண்டத் திரும்பப் போட்டுட்டியா. சரி... ரீபூட் குடுக்காத! கொஞ்சம் இரு. அவன் எந்திரிச்சுட்டா நீ வெச்சுடுவ... குடுத்துட்டியா.

ஓடுது... கெர்னல் வந்துடுச்சு... காத்திருக்கான்... ஆங், டிஸ்க்கப் புடிச்சுட்டான். எந்திரிச்சுட்டான்... ஆமா. ஆமா, நல்லா இருக்கான்.

இன்னும் டைப் பண்றியே, என்ன அது?... ம்... வரி தப்பா இருந்து எந்திரிக்கலன்னா, தானாவே பழைய நல்ல வரிக்குத் திரும்பிடுமா?... ரெண்டே நிமிஷத்துலயா?... நான் அழிச்சாலுமா?... கிழவனுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?... எட்டுக்கும் போட்டுட்ட.

இல்ல, கோவம் இல்ல. நல்ல ஏற்பாடுதான். இவ்வளவு நாள் இது இல்லாம இருந்ததுதான் தப்பு... ம்... சரி, மீட்டிங்குக்குப் போ... போ, போ.

ஏய், ஒண்ணே ஒண்ணு. இனிமே எந்த மெஷினும் எந்திரிக்காம இருக்காதே... நான் என்ன சாக்குச் சொல்லி உன்னக் கூப்பிடுறது?... ஹலோ?

ஹலோ?...