எந்தப் புதூரில் பெய்த மழை

கரிசல் காட்டுச் செய்தியைக் காகிதத்தில் ஏற்றிய கண்ணியவானே, ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டாலும் ஒரு வாரம் உறங்காத உத்தமரே, 'கரிசல் தூதன்' வார இதழின் ஆசிரியர் லிங்கராஜ் அண்ணாச்சி அவர்களே, வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணாச்சி இந்த அலுவலகப் படியேறியபோது கோவில்பட்டியில் நான்கு வார இதழ்கள் இருந்தன. ஒன்று தேர்தலுக்குத் தோன்றித் தேர்தலோடு மறைந்தது. ஒன்று பங்காளிச் சண்டையில் இரண்டாகி, இரண்டும் இல்லாமல் போனது. இன்னொன்றைக் கைப்பேசி விழுங்கியது. எஞ்சி நின்ற நம் தூதனும் இந்த வெள்ளிக்கிழமையோடு அச்சை நிறுத்திக்கொள்கிறான். ஆசிரியருக்குப் பணி ஓய்வு, இதழுக்கு ஆயுள் ஓய்வு என்று எழுதக் கை கூசுகிறது.

சந்தை நிலவரம், சடங்கு வீட்டு அழைப்பு, பேருந்து நேரம் என்று எதை எதையோ போட்டோம். வாசகர்கள் முதலில் தேடியது மழைப் பெட்டியைத்தான். கலப்பை இறங்கும் அளவு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. எந்த ஊரில் எத்தனை உழவு என்று அந்தப் பெட்டி சொல்லும். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களும் தபாலில் வரவழைத்து அதைப் படித்தார்கள்.

2006 புரட்டாசியில், "புதூரில் ஓர் உழவு மழை" என்று வெளியானது. பெய்ததோ கழுகுமலைப் பக்கத்துச் சிறிய புதூரில். அதைத் தம் சொந்த ஊரான இன்னொரு புதூர் என்று நம்பி, திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனைவி மக்களோடு விதைக்க வந்தார் சாமித்துரை. காட்டில் புழுதி பறந்தது. நேரே அலுவலகம் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க போட்ட மழை எந்தப் புதூர்ல பேஞ்சுது?"

அண்ணாச்சி எழுந்து நின்றார். "தப்பு என்னுதுதான் தம்பி. பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

அடுத்த இதழில் தம் பெயரிலேயே திருத்தமும் வெளியிட்டார். அன்று முதல் வியாழன்தோறும் ஊர் ஊராகத் தொலைபேசியில் அழைத்து, "கலப்பை எறங்குதா?" என்று கேட்ட பிறகே மழையை அச்சுக்கு அனுப்பினார். அந்த நேர்மைக்கு மேடைதோறும் கை தட்டினோம். விட்ட வேலை திரும்பக் கிடைக்காத சாமித்துரையோ, அவரைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த ஒரு முகத்துக்காக அண்ணாச்சி பட்ட வேதனையைப் பத்தொன்பது ஆண்டுகளாக நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

உண்மை வேறு. அண்ணாச்சி எழுதிக் கொடுத்த தாளில் "கழுகுமலைப் புதூர்" என்றுதான் இருந்தது. கடைசி நேரத்தில் தீப்பெட்டி விளம்பரம் ஒன்று வந்து இடம் குறைந்தது. வரி அடங்கவில்லை என்று முதல் சொல்லை வெட்டியவர், கணினியில் பக்கம் அமைத்த கிருஷ்ணவேணி. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். உண்மையைச் சொல்லப் போனவரை அண்ணாச்சி தடுத்தார்.

"நீ சும்மா இரு தாயி. மொதலாளி காதுல விழுந்தா ஒன் வேலை போயிரும். எனக்கு என்ன ஆயிரப் போவுது?"

அவரும் சும்மா இருந்துவிட்டார். அறிந்த நாங்களும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சியின் பெருந்தன்மையில் நாங்கள் சுகமாகக் குளிர்காய்ந்தோம். வெட்கமாக இருக்கிறது.

கண்ணொளி குறையாமல், கால் தளராமல், பேரப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அண்ணாச்சி நெடுங்காலம் நிம்மதியாக இருக்க வேண்டுகிறோம். நமக்கு இனி அடுத்த இதழ் இல்லை. ஆகவே, இந்தப் பிரிவு விழாவுக்கு அழைத்ததும் மறுக்காமல் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் சாமித்துரை அவர்கள் கேட்க, கடைசித் திருத்தத்தை இம்மடலிலேயே வெளியிடுகிறோம்.

திருத்தம்: 2006 புரட்டாசி இதழின் மழைப் பிழை ஆசிரியர் லிங்கராஜ் செய்ததன்று. செய்தவர், இதை இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் கிருஷ்ணவேணி.

இங்ஙனம்,
கரிசல் தூதன் பணியாளர்கள்,
கோவில்பட்டி.