மாதா இறங்கிக் கொடுத்த சப்பரம்

தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தோளில் சப்பரம். அதில் மாதா இல்லை. கமலா அக்கா படுத்திருக்கிறார். வாதம் வந்து நான்கு வருடமாய் எழுந்திருக்காதவர். போர்வையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருக்கிறோம். மழை முகத்தில் குத்துகிறது. பகல்தான். விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டு.

"ஒயர் தொங்கிக்கினு கீது, குனிடா."

சூசை அண்ணனின் குரல். எட்டுப் பேரும் குனிகிறோம். அவர் பட்டினப்பாக்கத்தில் மீன் பிடிக்கிறவர். திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பு பிடித்துக் குரல் கொடுப்பவர். அவர் சொன்னால் நிற்போம். அவர் சொன்னால் நடப்போம்.

ஜெனி, ரூபன், உங்களுக்காக எழுதுகிறேன். அன்று நீங்கள் கோயில் மாடியில் அம்மா மடியில் இருந்தீர்கள். நான் பத்தாவது வரை படித்தவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன். அழகாக எழுத வராது. நடந்ததை எழுத வரும்.

அது டிசம்பர். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று காலையில் பேச்சு. மதியத்துக்குள் அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. முதலில் சாக்கடை கொப்பளித்தது. பிறகு பைக்குகள் மிதந்து சுவரில் மோதின. டங். டங். மீட்புப் படகு பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. விழுந்த மரம் வழியை அடைத்திருந்தது. நடக்க முடிந்தவர்கள் கோயில் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். முடியாதவர்கள் இரண்டு பேர். கமலா அக்கா. பிரிட்டோ.

பிரிட்டோ என் கூட்டாளி. பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவன். அவன் அம்மா லூர்து அம்மாள் ஆள் கூட்டிப்போகத்தான் கோயிலுக்கு ஓடிவந்தார். வந்தவரால் திரும்ப முடியவில்லை. தண்ணீரின் இழுப்பு அப்படி. படியில் நின்று கத்துகிறார். "எம்புள்ள உள்ள கீறான். எம்புள்ள உள்ள கீறான்."

படுத்தவரை வளைக்காமல் தூக்க என்ன இருக்கிறது? "சப்பரம் இருக்கே" என்றாள் உங்கள் அம்மா. அடுத்த நாள் ஜெபமாலைப் பவனிக்காக மாதாவை அதில் ஏற்றி வைத்திருந்தோம். பங்குச் சாமியார் ஊரில் இல்லை. யாரைக் கேட்பது? சூசை அண்ணன் மாதாவைப் பார்த்தார். "கொஞ்ச நேரம் கீழ நில்லு தாயே" என்றார். இறக்கினார்.

பிரிட்டோவுக்குப் போன் போட்டேன்.

"மச்சி, கமலாக்காவ மொதல்ல எடுத்துக்கினு போங்க. அவங்க வூடு பள்ளம். அம்மா எனக்குக் கட்டில் மேல கட்டில் போட்டு வச்சிருக்குது. நான் எங்கடா ஓடப்போறேன்."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடத் திருவிழாவில், தெருக்கோடியில் மாதாவுக்குக் குகை போலக் கட்டிய கெபி முன்னால் திரும்பும்போது, என் தோளில் பாரம் இல்லாமல் போனது. கொம்புக்கு அடியில் இன்னொரு கை இருந்தது போல. நடுத்தெருவில் அழுதேன். பிறகு ஜெபக்கூட்டம் தவறாமல் அதைச் சாட்சி சொன்னேன். எல்லோரும் ஆமென் என்பார்கள். டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான்.

கமலா அக்காவைத் தூக்கியபோது அந்தக் கைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பாரம் பாரமாகவே இருந்தது. தோள் உரிந்தது. மாடியில் இறக்கினோம். "பெருமாளே" என்றார் அக்கா.

அடுத்து பிரிட்டோ.

அவன் வீடு ஆற்றோரம். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் போனால் நான்காவது வாசல். ஆனால் அது சாக்கடைச் சந்து. மாதாவை ஒருநாளும் அதில் கொண்டுபோனதில்லை. சப்பரம் சுற்றும் பாதை வேறு. வாசலில் வலப்பக்கம் திரும்பித் தெரு முழுக்கப் போய், கெபியைச் சுற்றி, அதன்பிறகுதான் ஆற்றோரம்.

சப்பரம் தோளில் ஏறியது. எட்டுப் பேரும் வலப்பக்கம் திரும்பினோம். யாரும் சொல்லவில்லை. யாரும் யோசிக்கவில்லை. சூசை அண்ணனும்தான். கால் பழகிய பாதை.

கெபியை நெருங்கும்போது ஆற்றோரத்தில் சத்தம். மாவு மூட்டையை மாடியிலிருந்து போட்டது போல. பிறகு ஓடுகள் சரியும் சத்தம். பிறகு தண்ணீரின் இரைச்சல் மட்டும்.

"ஆத்தோர வூட்டுச் சுவரு போச்சு. பின்னால வாங்கடா. பின்னால."

சூசை அண்ணன் கத்தி முடிப்பதற்குள் அலை வந்து எங்களைத் தள்ளியது. ஒரு கொம்பு முறிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு இடிந்த வீட்டுக்குள் பிரிட்டோ கிடைத்தான். முறிந்த கொம்புக்கு மூங்கில் கட்டினோம். அதே சப்பரத்தில் கல்லறைக்குக் கொண்டுபோனோம். சந்து வழியாக. அன்றுதான் தெரிந்தது, சப்பரம் அதில் தாராளமாகப் போகிறது.

அடுத்த ஜெபக்கூட்டத்தில், "கமலாக்கா பொழச்சத சாட்சி சொல்லு அருளு" என்றார்கள். எழுந்தேன். லூர்து அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு சந்துல சாக்கடை வாரப்போறேன். மம்பட்டி கீறவங்க எடுத்துக்கினு வாங்க" என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். கமலா அக்காவின் மகன் டீ வாங்கி வந்தார்.

இப்போது மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போகிறோம். எந்தச் சாமி கும்பிடுகிற வீடானாலும் சரி. நடக்க முடியாதவர் யார், கட்டில் எந்தப் பக்கம், வாசல் எவ்வளவு அகலம் என்று பார்த்து வைக்கிறோம். சந்து வழியாகச் சப்பரம் தூக்கிப் பழகுகிறோம். முதல் வருடம் ஆளை ஏற்றித் தூக்க வேண்டும் என்றதும் எல்லோரும் தயங்கினார்கள். லூர்து அம்மாள்தான் ஏறிப் படுத்தார்.

"ஆட்டாம தூக்குங்கடா. பொணமா நானு?"

சிரிக்க முடியவில்லை. தூக்கினோம்.

அந்தக் கை ஏன் வரவில்லை என்று நீ கேட்டாய், ரூபன். தெரியாது, மகனே. எனக்குக் கிடைத்ததைப் பேசியே தீர்த்தேனோ என்று இரவில் உறுத்துகிறது.

இனி இழந்தவை. சப்பரத்தின் கொம்பு ஒன்று. கோயில் ஆர்மோனியம். என் வேன். உங்கள் புத்தகப் பைகள் இரண்டு. கமலா அக்கா வீட்டுத் தையல் மெஷின். ஆற்றோர வீடுகள் நான்கு.

ஆள் ஒருவர். பிரிட்டோ. வயது முப்பத்தொன்று. பேப்பரில் அவன் பேர் வரவில்லை, ஒரு ஆள் என்றுதான் போட்டிருந்தார்கள். லூர்து அம்மாளுக்கு இருந்ததே அந்த ஒரு ஆள்தான்.