காலிக் கட்டம்

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குக் கை பரபரக்கும். நீங்கள் கொடுத்த இந்தத் தாளில்கூட ‘வேறு பெயர்கள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். வீட்டில் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார்கள்.

என் பிழைப்பும் அதுதான். ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை அச்சிடுவதுவரை எல்லாப் படிகளையும் ஒரே கோப்பில் எழுதிவைக்க ஒரு வடிவத்தை உருவாக்கினேன். மற்ற மென்பொருள்கள் அந்தக் கோப்பிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்பதையும் நானே வகுத்தேன். அளவைக் கேட்டால் எண் வர வேண்டும். கோப்பு திருதிருவென்று விழிக்கக் கூடாது. எண் இல்லாவிட்டால் பூஜ்யம். இந்த விதியை நம்பி நாற்பது ஆய்வுக்கூடங்கள் தங்கள் மென்பொருளை எழுதின.

என் மச்சினி, அந்த நாற்பதில் ஒன்றான குடிநீர் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர். ஒருநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

“அத்தான், தண்ணியில ஈயம் ரொம்ப அதிகமா இருந்தா எங்க மெஷின் எதுவும் எழுதாது. அளவு தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அந்தக் காலி இடத்தை உங்க ஃபைல் என்ன பண்ணும்?”

“காலியாவே வெச்சிருக்கும்.”

“நிஜமாவா? உங்களுக்குத்தான் காலி இடமே ஆகாதே!”

இருவரும் சிரித்தோம். அவள் போன பிறகு அவர்களுடைய கோப்பைத் திறந்து பார்த்தேன். என் தெருவுக்கும் மச்சினியின் தெருவுக்கும் தண்ணீர் தரும் தொட்டிக்கு நேரே, மெஷின் எதுவும் எழுதாமல் விட்ட இடத்தில், பூஜ்யம் இருந்தது. யார் கையிலும் படாமல் மெஷினிலிருந்து தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போகும் அறிக்கையில், நகரத்திலேயே சுத்தமான தண்ணீர் அதுதான்.

விதியை மாற்றினால் நாற்பது இடங்களிலும் வேலை நின்றுபோகும். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்துவைத்தேன். மறுநாள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரவழைத்தேன்.

“என்னங்க திடீர்னு?” என்றாள் மனைவி.

“குழாய்த் தண்ணி ருசி மாறிடுச்சு.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. தங்கச்சிகிட்ட கேட்கட்டுமா? அவதானே சோதிக்கிறா?”

“அவ வேலையில குறை சொல்றோம்னு நினைப்பா. விடு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேன் வந்த தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டாள். பதினான்கு மாதங்கள், ஒவ்வொரு கேனுக்கும் ஒரு வட்டம், ஒரு பார்வை.

பதினோராம் மாதத்தில் மச்சினியின் ஆறு வயது மகள் தெரிந்த எழுத்துகளை மறக்கத் தொடங்கினாள். அந்தத் தெருவில் இன்னும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை. அவர்களில் இருவர் இப்போது இல்லை.

விசாரணை வரும் என்று தெரிந்ததும் கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு படியையும் யார் செய்தார்கள் என்று சொல்ல அதில் ஒரு கட்டம் உண்டு. பூஜ்யத்தை நிரப்பும் படி தானாக நடப்பது. அதனால் அங்கே பெயர் இல்லை. அப்படியே விட்டால் நீங்கள் யாரென்று தேடுவீர்கள். மச்சினியின் பெயரை எழுதினேன்.

இன்று காலை என் மனைவி அந்த நாள்காட்டியை உங்களிடம் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அவள் எதையும் ஒழுங்காகக் குறித்துவைப்பவள்.

அடுத்த அறையில் இருக்கும் மச்சினியை அனுப்பிவிடுங்கள். அவள் எதையும் நிரப்பவில்லை. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்: அவள் மகள் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், நான் அந்தக் குழந்தைக்குக் கேன் தண்ணீர்தான் கொடுத்தேன்.