குரல் வந்தால் திரும்பாதே

சிலம்பம் சுற்றுகிறவர்களுக்கு முதுகுவலி வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு வரும். அதனால் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதக் கொஞ்சம் நேரமாகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அப்புசாமியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஜாக்கை இறக்கியது அவன் கைதான். ஆனால் என் குரலுக்குத்தான் இறக்கினான். அப்படிக் கேட்கிற ஆளாக அவனை மாற்ற நான் பட்ட பாட்டைச் சொன்னால் மற்றது உங்களுக்கே விளங்கும்.

என் அக்கா சௌந்திரம், மச்சான் காலமான பிறகு திருச்செங்கோட்டில் பட்டறையைத் தானே நடத்துகிறாள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி கட்டுகிற பட்டறை. அதுவரை ஊரான் வண்டியைப் பார்த்துத்தான் கட்டினோம். போன வருஷம் கிணறெல்லாம் வறண்டு, ரிக் வண்டிக்கு ஆட்கள் அலைந்தபோது, நாமே வரைந்து கட்டிய வண்டி ஒன்று நமக்கென்று வேண்டும் என்றாள் அக்கா. வரைய சேலத்திலிருந்து ராயப்பன் வந்தான். வெல்டிங்குக்குச் சின்னுசாமி, எஞ்சினுக்கும் ஜாக்குக்கும் அப்புசாமி. தனித்தனியே தங்கமான ஆட்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்தால் நாய் பூனைதான்.

"இவன் படத்துல கம்ப்ரசர் அந்தரத்துல நிக்குதுங்க. றெக்க வரைய மறந்துட்டான்" என்பான் சின்னுசாமி.

"நீங்க பத்த வெச்சா றெக்க இல்லாமயே பறக்கும்ணா" என்பான் ராயப்பன்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "கம்பு சுத்துறதத் தவிர உனக்கு என்ன தெரியும்? இவிங்க மூணு பேரையும் ஒண்ணாச் சேத்து உடு சாமி, பாக்கலாம்."

எனக்குத் தெரிந்ததை வைத்தே சேர்த்தேன். காலையில் கம்பு, பிறகு வரைபடம். கம்பில் என்ன சட்டமோ அதுவே படத்துக்கும். சிலம்பத்தில் கால் பழகாமல் கம்பைத் தொடக் கூடாது. ஆகவே வண்டியை ஷெட் தரையில் முழு அளவுக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதற்குள் மூவரையும் நடக்க வைத்தேன். குழாய் தூக்குகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தார்கள். கம்ப்ரசரில் முழங்கால் இடிக்கும் என்பது வாய்ச்சண்டை இல்லாமலே தெரிந்துபோனது. பழகும்போது கம்பைத்தான் அடிக்க வேண்டும், ஆளை அல்ல. ஆகவே கோட்டைக் குறை சொல்லலாம், கோடு போட்டவனைச் சொல்லக் கூடாது. கம்பின் நுனியைக் கரியில் தோய்த்துப் பழகுவோம், எங்கே பட்டது என்று தெரிய. அதே கரியால் அடுத்தவன் படத்தில் பிசகு உள்ள இடத்தில் பொட்டு வைக்கச் சொன்னேன். பொட்டு வாங்கியவன் கும்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் சின்னுசாமி சிரித்துக்கொண்டே கும்பிட்டான்.

கடைசிப் பாடம் நம்பிக்கை. குரல் வந்தால் திரும்பிப் பார்க்காதே. ஒருவன் சொன்னால் அடுத்தவன் கை உடனே நகர வேண்டும். அப்புசாமிக்கு அது அழகாக வந்தது. ராயப்பனுக்கு மட்டும் வரவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

தை மாதத்தில் ஒரு காலை ராயப்பன் என்னோடு கம்பு எடுத்தான். நான் குரல் கொடுத்தேன். அவன் குரலை விட்டுவிட்டு என் காலைப் பார்த்தான். என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, கரி.

"ஆத்தாடி, வாத்தியாருக்கே பொட்டு வெச்சுட்டானே!" என்றான் சின்னுசாமி. "பொண்ணு பாக்கக் கெளம்பலாமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டப்படி கும்பிட்டேன். அக்கா வாசலில் நின்றிருந்தாள். "இனி இந்தக் கம்பு, படப் பேச்செல்லாம் ராயப்பனே நடத்தட்டும். உனக்கும் ஓய்வு வேணுமில்ல" என்றாள்.

எனக்கு வருத்தமில்லை. சட்டையை அன்றே துவைத்துவிட்டேன். ஒரு கவலை மட்டும் இருந்தது. நம்பத் தெரியாதவன் நடத்தினால் குழு என்ன ஆகும்?

மாஸ்ட் என்பது வண்டியில் படுத்திருக்கிற உயரமான இரும்புச் சட்டம். ஜாக் அதைத் தூக்கி நிறுத்தும். நிமிர்ந்ததும் அடியில் பின் என்கிற இரும்பு முளையைச் செருகினால் ஜாக் இறங்கினாலும் விழாது. ஒரு பின் போதும். ராயப்பன் இரண்டு வைத்து வரைந்திருந்தான். அவ்வளவு ஜாக்கிரதை.

வண்டி கட்டி முடிந்து, சோதனை அன்று பின் போடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாஸ்ட் நிமிர்ந்தது. ராயப்பன் வண்டியின் மேல், மாஸ்ட் படுக்கிற இடத்தில் குனிந்து அளவு டேப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பின்னு போட்டாச்சு, ஜாக்க எறக்கு" என்றேன்.

அப்புசாமி பார்க்கவில்லை, இறக்கினான். ராயப்பன் பார்ப்பான் என்றுதான் நினைத்தேன். பார்த்திருந்தால் தாவியிருக்கலாம், நேரம் இருந்தது. அன்று அவன் திரும்பவில்லை; மாஸ்ட் அவன் மேல் வந்து படுத்தது. கடைசியில் அவனுக்கும் பாடம் வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு பின்னும் என் வேட்டி மடியில் இருந்தன.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போனதாகச் சொன்னார்கள்.

நான் கை கொடுக்கவில்லை என்று சின்னுசாமி உங்களிடம் சொன்னது உண்மை. அதற்குக் காரணம் இருக்கிறது. சின்னுசாமி மாஸ்ட்டுக்கு அடியில் தோள் கொடுத்தான், அப்புசாமி அழுதுகொண்டே ஜாக்கை ஏற்றினான், அக்கா ராயப்பன் தலையைத் தாங்கிக்கொண்டாள். யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு கை தவறவில்லை. மாதக்கணக்கில் நான் பழக்க நினைத்தது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. அந்த நேரத்தில் அவர்களில் ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை. ஒரு வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும், ஐயா.