குவாரிப் பாம்பை உயிரோடு மீட்ட எங்கள் பிரிவுத் தலைவிக்கு

நஞ்சை நெருங்கியும் நடுங்காத நெஞ்சுரமே! அறியாததை அறியேன் என்று அவையறியச் சொன்ன அறமே! பாம்புக் காப்பகமெங்கும் "பாம்பக்கா" என்றே அழைக்கப்பெறும் எங்கள் பிரிவுத் தலைவியே! வணங்குகிறோம்.

இன்று பணி ஓய்வு பெறும் தங்கள் பெருமைகளை வரிசையாய்ப் பாடவே அமர்ந்தோம்; எல்லோர் மனமும் அந்த ஒரு பிற்பகலிலேயே போய் நின்றது.

கல்குவாரியில் பாறையிடுக்கில் கைவிட்ட தொழிலாளியைப் பாம்பு கடித்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பின்னரே நாம் போய்ச் சேர்ந்தோம். லாரி ஓட்டுநரான அவர் அண்ணன், டீசல் கேனோடு இடுக்கின் முன் நின்றார். பின்னால் கடப்பாரைகளோடு ஒரு கூட்டம்.

"தள்ளிக்கங்கம்மா! உங்களுக்குப் பாம்பு பெருசா, என் தம்பி பெருசா?"

"உங்க தம்பிக்காகத்தான் கேக்குறேன். என்ன பாம்புன்னு டாக்டர் கேக்குறாரு. எரிச்சுட்டா நான் என்னத்தச் சொல்றது?"

அவர் கேனைக் கீழே வைக்கவில்லை, ஊற்றவும் இல்லை. தாங்கள் குப்புறப் படுத்துக் கொக்கியை உள்ளே செலுத்தினீர்கள். விரல் பருமனில் ஒரு கருஞ்சிவப்புப் பாம்பு வந்தது. செதில்களைப் பார்த்தீர்கள், மீண்டும் பார்த்தீர்கள். எந்த நூலிலும் இல்லாத பாம்பு! வாய்க்கு வந்த பெயரொன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"தெரியல டாக்டர்," என்றீர்கள் தொலைபேசியில். "இத இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. நம்ம விஷமுறிவு மருந்து கேக்கும்னு நம்பிடாதீங்க. மூச்சுக் கருவிய இப்பவே தயாரா வைங்க."

மருந்து கேட்கவில்லை. தம்பியின் இமைகள் சரிந்தன, மூச்சு அடங்கியது, தயாராயிருந்த கருவியே அவரைத் தாங்கியது. வார்டு வாசலில் அண்ணனும் தாங்களும் அமர்ந்திருந்தீர்கள். தம்பி தானாக மூச்சுவிட்ட பிறகே அவர் தங்கள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பாம்பு உயிரோடதானே இருக்கு? பத்திரமா வச்சுக்கங்க. நாளைக்கு வேற யாரையாவது கடிச்சா மருந்து வேணும்ல."

அந்த மருந்து இன்னும் வரவில்லை. அவ்வினம் எங்கே முட்டையிடும், எத்தனை எஞ்சியுள்ளன, ஒன்றும் அறியோம். தாங்கள் போராடி நிறுத்திவைத்த குவாரிக் குத்தகையோ வரும் மாதம் மீண்டும் விசாரணைக்கு வருகிறது. அங்கே வெடி வைத்தால், நாம் அறியுமுன்னே அவ்வினம் அழிந்துபோகும். தங்கள் நாற்காலியில் யார் அமர்வது என்பது முடிவாகவில்லை. விசாரணைக்கு யார் போவது என்பது முடிவாகிவிட்டது: நாங்கள் எல்லோரும்.

கண் தெளிவும் கால் வலுவும் குன்றாது, உற்றார் சூழ நெடுங்காலம் வாழ்க, அக்கா!

விடைகொடுக்க மனமில்லாத
பாம்புப் பிரிவுப் பணியாளர்கள்