தலைமன்னாரிலிருந்து திரும்பிய ஒஸ்ரின்

— விடுங்கோ அப்பா, சும்மா சாவியைத் திருகித் திருகிப் பட்டரியையும் இறக்கிப்போடாதேங்கோ. பொனற்றைத் திறந்துவிடுங்கோ, நான் பாக்கிறன்.

— நீ ஒண்டும் பாக்கத் தேவையில்லை, கீர்த்திகா. சூடு ஆறினாத் தானா எடுக்கும். நான் போயிடுவன்.

— எங்க போவீங்கள்? இந்த ஒழுங்கை கடலோட முடியுது.

— தலைமன்னாரில ஒரு கலியாணம். பொம்பிளை மாப்பிளையை இறக்கிப்போட்டுத் திரும்பி வாறன். இப்ப பழைய ஒஸ்ரின் காரில வந்து இறங்கினாத்தான் படத்துக்கு வடிவாம். வழி மாறி இதுக்குள்ள விட்டிட்டன்.

— சைவப் பிள்ளை நான் ஒரு வேதக்காரப் பொடியனைக் கட்டி ஓலைத்தொடுவாய்க்கு வந்த நாளில இருந்து இந்தப் பக்கம் எட்டியும் பாக்காத ஆள், வழி மாறி என்ர வாசலிலயே வந்து நிப்பாட்டியிருக்கிறீங்கள்.

— நான் நிப்பாட்டேல்லை. அதுவா நிண்டது.

— சரி, அதுவா நிண்டது. எப்பிடி நிண்டது? டக்கெண்டோ, இல்லாட்டி இருமி இருமியோ?

— இருமித்தான். இப்ப செல்ப் அடிச்சா எஞ்சின் சுத்துது, பத்துதில்லை.

— சுத்துதெண்டால் பட்டரியில பிழையில்லை. ஒண்டில் பெற்றோல் வருதில்லை, இல்லாட்டிக் கரண்ட் வருதில்லை. என்ன சிரிப்பு?

— என்ர வாய்ப்பாட்டை எனக்கே சொல்லித் தாறாய், பிள்ளை.

— இந்த வெக்கைக்குக் குழாயில பெற்றோல் ஆவியாகி அடைச்சிருக்கும். சாக்கொண்டை நனைச்சுப் பம்புக்கு மேல போடுறன். அதுமட்டும் இறங்கி அந்தக் கதிரையில இருங்கோவன், நிழலாக் கிடக்கு.

— நான் சீற்றிலயே இருக்கிறன். பொழுதுபட முதல் போகவேணும். அவன் எப்ப கரைக்கு வருவான்?

— அவருக்குப் பேர் இருக்கு அப்பா. றொசாந்தன். பொழுதுபடத்தான் வருவார். சாக்குப் போட்டாச்சு, இப்ப அடியுங்கோ.

— இல்லை. அதே சத்தம்தான்.

— அப்ப பெற்றோலில்லை, கரண்ட்தான். கரண்டைப் பிரிச்சு விடுற டெல்கோவின்ர மூடியைக் கழற்றட்டோ?

— நானே கழற்றுவன், கிட்டப் பாக்கிற கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். சரி, நீ கழற்று. நடுவில சின்னதா ஒரு ரோட்டர் இருக்கும். மேல இழு, வரும். அதைக் கவனமா வை. அது இல்லாட்டி எஞ்சின் சும்மா சுத்திக்கொண்டே இருக்கும், பத்தாது. பிறகு கீழ கரண்ட் தொட்டு விடுற பொயின்றைப் பார். எப்பிடிக் கிடக்கு?

— கறுத்துப்போய்க் கிடக்கு. ஈரமும் பிடிச்சிருக்கு.

— மன்னார்த் தீவுக்குள்ள வந்தா உப்புக்காத்து விடாது. நெருப்புப்பெட்டியின்ர உரசுற பக்கத்தைக் கிழிச்சு இடையில விட்டு மெல்லமா இழு. சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணையில ஓடின எஞ்சின் இது. இப்ப நல்ல பெற்றோல் குடுத்தாத்தான் சொகுசு கேக்குது.

— அப்பா, அம்மாவின்ர செத்தவீட்டண்டைக்கு...

— பொயின்றைப் பார் பிள்ளை.

— பாத்துக்கொண்டுதான் சொல்லுறன். அண்டைக்கு றொசாந்தன் படலைக்கு வெளியில நிண்டவர். நீங்கள் கண்டனீங்கள், வா எண்டு சொல்லேல்லை. நானும் அவரோட வெளியிலயே நிக்கப் பாத்தன். "உன்ர அம்மா, நீ போய் அழு, நான் நிக்கிறன்" எண்டு என்னை உள்ளுக்கு அனுப்பினவர்.

— அந்தக் கதை இப்ப ஏன்?

— சுடலையில விறகு நனைஞ்சு கிடந்தது, ஞாபகம் இருக்கோ? மழை விட்டபாடில்லை. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் எல்லாரும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டவையாம்.

— ஏன் இல்லை. உன்ர சித்தப்பன்தான் எங்கயோ போய்க் காய்ஞ்ச விறகு கொண்டுவந்தவன்.

— சித்தப்பா போகேல்லை. றொசாந்தன்தான் முருங்கனில ஆரிட்டையோ கெஞ்சி லாண்ட்மாஸ்டர் உழவு மிசினில ஏத்திக்கொண்டு வந்தவர். சுடலை வாசலில சித்தப்பாட்டைக் குடுத்திட்டு, தன்ர பேரைச் சொல்லவேண்டாம், சொன்னா அந்த விறகையும் திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டவராம்.

— எனக்கு ஆரும் சொல்லேல்லை.

— எனக்கும் அவர் வாய் திறக்கேல்லை. போன மாசம் சித்தப்பா இங்க வந்தவர், அவர்தான் சொன்னவர். இந்தாங்கோ, துடைச்சு ரோட்டரையும் போட்டு மூடிட்டன். அடியுங்கோ.

— பத்திட்டுது.

— ஓம். நல்ல சத்தம்.

— ஒருக்காக் கை முகம் கழுவிப்போட்டுப் போறன். கிணறு எங்கால?

— பின்னுக்கு. நிப்பாட்டினாத் திரும்ப எடுக்குமோ?

— எடுக்காமல் என்ன, இன்னதுதான் பிழை எண்டு தெரிஞ்சிட்டுதே. நிப்பாட்டியாச்சு. நான் கழுவிப்போட்டு வாறன்.

— போங்கோ. நான் பொனற்றைச் சாத்திவிடுறன்.

— நல்ல தண்ணி பிள்ளை. கடலுக்கு இவ்வளவு கிட்ட இப்பிடி ஒரு தண்ணி எண்டால் நம்பேலாது. சரி, நான் வெளிக்கிடப் போறன்.

— அடிச்சுப் பாருங்கோ.

— சுத்துது. இந்தமுறை இருமக்கூட இல்லை.

— திரும்பவும் ஈரம் பிடிச்சிட்டுதோ தெரியாது. றொசாந்தன் வரட்டும் அப்பா. வள்ளத்து எஞ்சினெல்லாம் கழற்றிப் பூட்டிற ஆள், பாப்பார். அதுமட்டும் உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியுங்கோ.

— என்னை இங்க கண்டா என்ன சொல்லுவான்?

— ஒண்டும் சொல்லமாட்டார். மீனைக் குடுத்திட்டு, மாமா சாப்பிட்டவரோ எண்டு என்னைக் கேப்பார்.

— அந்தப் பிள்ளையோட நான் என்னத்தைக் கதைக்கிறது?

— காரைப் பற்றிக் கதையுங்கோ.

— ம். அப்ப தேத்தண்ணியை ஊத்து, நான் செருப்பைக் கழற்றிப்போட்டு வாறன். கைக்குள்ள பொத்தி வைச்சிருக்கிற ரோட்டரைக் காய்ஞ்ச துணியொண்டில சுத்தி வை பிள்ளை, ஈரம் பட்டா நாளைக்கும் கார் எடுக்காது.