பின் இருக்கையின் கொக்கி

பறக்கக் கற்றுக்கொள்வது கார் ஓட்டக் கற்றுக்கொள்வதைவிட எளிது. காரில் எதிரே லாரி வரும், பின்னால் ஒருவன் ஹாரன் அடிப்பான். மேலே அந்தத் தொல்லை எதுவும் இல்லை.

நான் ஓட்டியது மோட்டார் பாராசூட். மூன்று சக்கரம், குழாய்களால் ஆன ஒரு கூடு, முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, அதற்குப் பின்னால் என்ஜினும் விசிறியும். தலைக்கு மேலே குடை. கையால் தள்ளினால் ஏறும், காலால் மிதித்தால் திரும்பும். எட்டு மாதத்தில் உரிமம் வாங்கினேன். உரிமம் வந்த மறுநாள் காலை என் பயிற்சியாளர் இறந்தார். அன்று ஸ்டேஷனில் உங்களிடம் விபத்து என்று சொன்னேன். அது விபத்து இல்லை. இதை இப்போது என்னை யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. மனம் உறுத்தியும் சொல்லவில்லை. தப்பாக எழுதப்பட்ட எதையும் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நான் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பவன்.

முதலில் என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். போன வருடம் அதே மைதானத்தில், அதே வண்டியின் பின் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி மூன்று வருடம். இருபது நிமிடச் சவாரிக்கு அவளே போன் செய்து பதிவு செய்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பால்கனியில் துணி காயப்போடும்போதுகூடக் கீழே பார்க்காதவள்.

ஏறுவதற்கு முன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். “வீட்டுச் சாவி உள்ளதான் இருக்கு. மறந்துடாதீங்க” என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஏழாவது நிமிடம் குடைக்குக் கீழே இருந்த புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளி பிரிந்தது. ஏதோ துணி பறக்கிறது என்று நினைத்தேன்.

விசாரணை அறிக்கை ஒன்றரைப் பக்கம். பின் இருக்கைப் பெல்ட்டின் கொக்கி சரியாகப் பூட்டப்படவில்லை என்று இருந்தது. பயிற்சியாளர் அதை மறுக்கவில்லை. “தப்பு என்னோடது. இன்னொரு தடவை இழுத்துப் பாத்திருக்கணும்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆறு மாதம் அவர் பறக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறு மாதம் பறக்கவில்லை. ஏழாவது மாதம் பறந்தார்.

ஒரு மனிதர் தன் தவறை ஒப்புக்கொண்டு, அதற்கு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு காலைக் காற்று வாங்கப் போகிறார். என் மேஜைக்கு இப்படி ஒரு பொருள் வந்தால் நான் முத்திரை போட்டு அனுப்பமாட்டேன்.

பயிற்சியாளர் பெண். என்னைவிட எட்டு வயது மூத்தவர். மாணவர்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் போனபோது தகரக் கொட்டகைக்குள் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார்.

“வாங்க தம்பி. திட்டணும்னா திட்டிடுங்க. நான் கேட்டுக்கறேன்.”

“பறக்கக் கத்துக்கணும்.”

துணியை என்ஜின் மேல் போட்டார். “பயமா இல்லையா?”

“இல்ல.”

“அப்ப உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. பயமில்லாதவங்கள நான் சேத்துக்கறதில்ல.”

“அப்ப பயமா இருக்கு.”

சிரித்தார். அவர் சிரிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது எனக்கு உதவியாக இருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் கண்கலங்கும் ஒருவரோடு எட்டு மாதம் வேலை செய்வது கஷ்டம்.

நல்ல பயிற்சியாளர். அதை நான் மறுக்கமாட்டேன். விடியும்போதே மைதானத்தில் இருப்பார். குடையைத் தரையில் விரிப்பதை, கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் நீவிச் சிக்கெடுப்பதைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஓடத் தொடங்கியதும் குடை எழுந்து தலைக்கு மேல் வரும். தரையை விடுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும். “குடைன்னா மாமியார் மாதிரி தம்பி. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூஞ்சியப் பாத்துடு. கோணலா இருந்துச்சா, பேசாம என்ஜினை அணைச்சிட்டு இறங்கிடு” என்பார். இரண்டாவது வாரத்திலேயே நீங்க போய் நீ வந்துவிட்டது. தன் டப்பாவிலிருந்து எனக்கும் சாப்பாடு எடுத்து வைத்தார். நான் சாப்பிட்டேன்.

கொக்கியைப் பற்றி அவர் ஒருமுறைதான் பேசினார். அதன் மூடியைக் கட்டை விரலால் தூக்கி, தூக்கியபடியே பட்டையை இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் கழலும். “இது தானா கழலாது” என்றார். சொன்னவர் சட்டென்று நிறுத்தி, பெட்ரோல் கேனை எடுக்கப் போய்விட்டார். கேன் அவர் காலடியில்தான் இருந்தது.

நான் அவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதே வகைக் கொக்கி ஒன்று வாங்கி, வீட்டுச் சமையலறை மேடையில் பிடிப்பானில் இறுக்கி, இருநூறு முறை சோதித்தேன். உலுக்கினேன், தட்டினேன், எடை தொங்கவிட்டேன். ஒருமுறைகூடத் தானாகக் கழலவில்லை. ஆகவே என் மனைவிக்கு அவர் அதைப் பூட்டவே இல்லை என்று முடிவு செய்தேன். வேறு காரணம் இருக்க முடியாது. அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது: பின் இருக்கைக் குழாயில் ஒரு ஹெல்மெட் மாட்டியிருந்தது. விழும்போது நழுவிச் சிக்கியிருக்கும். ஸ்கூட்டரில் போகும்போதும் ஹெல்மெட் வார் அவளுக்குத் தளர்வாகத்தான் இருக்கும்.

எழுத்துத் தேர்வில் நாற்பது கேள்வி. பயணியின் பெல்ட்டுக்கு யார் பொறுப்பு என்று ஒன்று. விடை: ஓட்டுபவர். அதற்கு நான் சரியாக எழுதினேன். பறக்கும் தேர்வுக்கு வந்த அதிகாரி நான் தரையிறங்கியதைப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடியெடுத்து வைக்கறீங்களே சார்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கைதட்டினார்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. உரிமம் வாங்கியவருக்கு முதல் பயணி அவருடைய பயிற்சியாளர்தான். அன்று பயிற்சியாளர் எதையும் தொடக்கூடாது. குடையைப் பார்க்கக்கூடாது, கயிற்றைச் சரிசெய்யக்கூடாது, பெல்ட்டை இழுத்துப் பார்க்கக்கூடாது. எல்லாம் புதியவர் செய்வார். உன்னை நம்புகிறேன் என்று பயிற்சியாளர் காட்டுவதற்கு. எட்டு மாதமும் நான் காத்திருந்தது இந்த ஒரு காலைக்காக. பொறுப்பு சட்டப்படி என்னுடையதாக இருக்கவேண்டும் என்று விரும்பினேன். திருடனைப் போல இருட்டில் வந்து எதையாவது அறுத்துவிட்டுப் போகிறவன் நான் இல்லை.

பின் இருக்கையின் கொக்கியை மட்டும் மாற்றியிருந்தேன். தானாகக் கழலும்படி ஒன்றைச் செய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “பொம்மை மாதிரி இருக்கேன் பாரு. என் வீட்டுக்காரர் பாத்தா நம்பமாட்டார்” என்றார். நான் பெல்ட்டைப் பூட்டினேன். முன் குழாயில் அவர் ஒரு கேமரா பொருத்தியிருந்தார், எனக்கு நினைவுக்கு இருக்கட்டும் என்று. அதில் பதிவான பேச்சை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இருந்தாலும் என் வாயாலும் சொல்கிறேன்.

அறுநூறு அடியில் என்ஜின் விசையைக் குறைத்துக் குறைத்துக் கூட்டினேன். வண்டி ஊஞ்சல் போல ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் கொக்கி விட்டது.

“தம்பி, பெல்ட் கழண்டுடுச்சு. பதறாத. நேரா போ, மெதுவா இறக்கு.” என்னைத்தான் தேற்றினார்.

நான் இன்னும் பலமாக ஆட்டினேன். இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். ஐந்து நிமிடம் இருக்கும். அவர் விழவில்லை. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று ஹெல்மெட் ஸ்பீக்கரில் கேட்ட மூச்சிலிருந்து தெரிந்தது.

“எப்படிக்கா விழுந்தா அவ?”

“கீழ போய்ப் பேசலாம்டா.”

“இங்கயே சொல்லுங்க.”

“நான் பூட்டினேன். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேன்.”

“அப்ப தப்பு என்னோடதுன்னு ஏன் சொன்னீங்க?”

“வேற என்னடா சொல்லச் சொல்ற? ஹெல்மெட்டைக் கழட்டி மாட்டிட்டு, பெல்ட்டையும் கழட்டிட்டு எழுந்து நின்னா. திரும்பிப் பாத்தேன், கை எட்டல. இத உன்கிட்ட எந்த வாயால சொல்றது? அவ அம்மா மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? பழி என்னோட போகட்டும்னு விட்டேன்.”

உயிர்பயத்தில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள். அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

நீங்கள் என் மாமியாரிடம் பேசியிருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்விகளிலிருந்து தெரிகிறது. ஆமாம், என் மனைவி வேலையை விட்டிருந்தாள். வளர்த்த செடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்கள் கொடுப்பதுதான். அந்த வாரம் மோதிரத்தைச் சோப்பு டப்பாவில் வைத்துவிட்டாள், விரல் இளைத்துவிட்டது என்று. அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று நாலைந்து தடவை கேட்டாள். ஆடிட் முடியட்டும் என்றேன். அதைச் சண்டை என்று சொல்லமுடியாது. எங்கள் வீட்டில் ஒருநாளும் குரல் உயர்ந்ததில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். மாதக்கணக்கில் எந்தச் சத்தமும் இருந்ததில்லை.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு எதிரே இறங்கவேண்டும் என்பது முதல் பாடம். நான் காற்றைக் குறுக்கே வாங்கிக்கொண்டு வந்தேன். தரை நெருங்கியதும் விசையை முழுவதும் எடுத்துவிட்டு ஒரு காலால் மட்டும் கடைசிவரை மிதித்தேன். வண்டி இரண்டு முறை உருண்டது. என் பெல்ட் நன்றாகப் பூட்டியிருந்தது. அவர் வெளியே போய் விழுந்தார்.

சொல்லித் தந்தபடி செய்தேன். என்ஜினை அணைத்தேன். பெட்ரோல் குழாயை மூடினேன். குடையைச் சுருட்டிக் கட்டினேன், இல்லாவிட்டால் காற்று வண்டியை இழுத்துக்கொண்டு போகும். சுருட்டும்போது அவர் ஒருமுறை தம்பி என்றார். கட்டி முடித்துவிட்டுத்தான் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. கொன்றது நான்தான். திட்டமிட்டுச் செய்தேன். மன்னிப்பு என்ற சொல்லை என் வாயிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். அவருடைய வீட்டுக்காரர் வந்து நின்றாலும் இதையேதான் சொல்வேன்.

கொக்கி கழன்ற பிறகும் அவர் மேலே இருந்து ஏன் விழவில்லை என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அதில் ஒரு மர்மமும் இல்லை. அவர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு ஆட்டியும் விடவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பெல்ட் இல்லாவிட்டாலும் விழமாட்டார், அதை நானே பார்த்தேன். என் மனைவி முதல்முறை போனவள். பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.